முதுகில் எழுதிய எச்சரிக்கை

தசை வளர்க்கப் போட்டுக்கொள்ளும் ஊசியைத் தோல்தான் முதலில் காட்டிக்கொடுக்கிறது. ஆனால் பருவுக்கு மருந்து கேட்டு வருபவரும் உண்மையைச் சொல்வதில்லை. மருந்து எழுதுபவரும் பல நேரம் கேட்பதில்லை.

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்குள் நுழைய வேண்டுமானால் ஆண்கள் சட்டையைக் கழற்றியாக வேண்டும். இடுப்பில் வேட்டி, வெறும் மேல், அவ்வளவுதான். வந்திருப்பவர் அதிகாரியா, ஆட்டோ ஓட்டுநரா என்பதெல்லாம் அங்கே எடுபடாது. கேரளத்தில் இன்னும் பல கோயில்களில் இதே வழக்கம். பெரும்பாலானோருக்கு இது ஒரு விஷயமே அல்ல.

ஆனால் ஒருவகை இளைஞருக்கு அந்த வாசல் பெரிய சோதனை. வயது இருபதைத் தாண்டியிருக்கும். ஓராண்டாகக் காலையும் மாலையும் ஜிம். அகன்ற தோள், திரண்ட புஜம், சட்டைக்குள் அடங்காத மார்பு. ஊரே திரும்பிப் பார்க்க வேண்டும் என்று வளர்த்த உடம்பு. ஆனால் சட்டையைக் கழற்றத்தான் முடியாது. கழுத்துக்குக் கீழே முதுகு முழுக்கச் சீழ்க் கட்டிகள். சில உடைந்து ரத்தம் கசிகின்றன. சில ஆறி, கருஞ்சிவப்பாகப் புடைத்த தழும்பாகிவிட்டன. வெள்ளைச் சட்டை போடுவதை அவர் விட்டுப் பல மாதமாகிறது. வீட்டில் கேட்டால் "சூட்டுக் கொப்புளம்" என்கிறார்.

இது குறிப்பிட்ட ஓர் ஆளின் கதையல்ல. தோல் மருத்துவர்களுக்குப் பழக்கமான ஒரு தோற்றம். உடற்கட்டுக்காக ஆண்மை ஹார்மோன் சார்ந்த மருந்துகளை எடுத்துக்கொள்பவர்களுக்கு வரும் இந்தப் பருவுக்கு மருத்துவ இதழ்களில் 'பாடிபில்டிங் ஆக்னி' என்றே பெயர் உண்டு. 2007-ல் ஜெர்மானிய தோல் மருத்துவர்கள் எழுதிய ஒரு கட்டுரை, இந்த மருந்துகளைத் தவறாகப் பயன்படுத்துவோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பரு வருகிறது என்றது. மருத்துவர்கள் குறைத்து மதிப்பிடும் பிரச்னை இது என்றும் அது எச்சரித்தது. அந்தக் கட்டுரையின் முக்கியமான செய்தி வேறு: பருவை வெறும் அழகுப் பிரச்னையாகப் பார்க்காதீர்கள், அது ஒரு தடயம்.

பெயர் ஒன்று, மருந்து இரண்டு

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. 'ஸ்டீராய்ட்' என்றதும் ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கும் மருந்துதான் பலருக்கு நினைவு வரும். அவை கார்ட்டிகோஸ்டீராய்ட்கள். அட்ரினல் சுரப்பி சுரக்கும் ஹார்மோனின் வழி வந்தவை. வீக்கத்தைத் தணிப்பது அவற்றின் வேலை. அவை தசையை வளர்ப்பதில்லை. நீண்ட காலம் எடுத்தால் கரைக்கவே செய்யும்.

ஜிம்மில் கைமாறுவது அனபாலிக் ஸ்டீராய்ட். ஆணின் விரைகள் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனும், அதைச் சற்று மாற்றிச் செயற்கையாகச் செய்த அதன் பங்காளிகளும். 1935-ல் விஞ்ஞானிகள் டெஸ்டோஸ்டிரோனைச் சோதனைக் கூடத்தில் உருவாக்கினார்கள். அந்த வழி ஆராய்ச்சிக்காக அடால்ஃப் புட்டநாண்டும் லியோபோல்ட் ருசிச்காவும் 1939-ல் நோபல் பரிசு பெற்றார்கள். 1958-ல் சிபா நிறுவனத்தின் 'டயனபால்' மாத்திரை சந்தைக்கு வந்தது. மெத்தாண்டியனோன் என்பது அதன் மருந்துப் பெயர். அன்று முதல் பளு தூக்குபவர்களின் உலகம் மாறிப்போனது.

இந்த மருந்துகளுக்கு நியாயமான மருத்துவப் பயன் உண்டு. ஹார்மோன் சுரக்காத ஆண்களுக்கும், பருவமடைதல் தாமதமாகும் சில பையன்களுக்கும் டாக்டர்கள் அளவோடு கொடுக்கிறார்கள். சிக்கல் அளவில்தான். ஆரோக்கியமான ஆணின் உடல் ஒரு நாளில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் சில மில்லிகிராம்தான். உடற்கட்டுக்காக எடுப்பவர்கள் மருத்துவ அளவைப்போல் பத்து மடங்கு, சில சமயம் அதற்கும் பல மடங்கு போகிறார்கள். ஒன்று போதாதென்று இரண்டு மூன்றைச் சேர்க்கிறார்கள். ஊசி ஒன்று, மாத்திரை ஒன்று, அதன் கெடுதலைத் தணிக்க இன்னொரு மாத்திரை. 'சைக்கிள்' என்பது இவர்களுடைய பாஷையில் எட்டு அல்லது பன்னிரண்டு வாரக் கணக்கு.

தசையை வளர்க்கும் குணத்தையும் ஆண்மைக் குறிகளை உண்டாக்கும் குணத்தையும் பிரித்து, முதலாவதை மட்டும் தரும் மருந்தைச் செய்ய மருந்துக் கம்பெனிகள் பல பத்தாண்டுகள் முயன்றன. முழுமையாக முடியவில்லை. புஜத்துக்கென்று போட்ட ஊசி புஜத்தோடு நிற்பதில்லை. ரத்தம் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் போகிறது.

எண்ணெய்க் கிணறுகள்

தோலில் அது போய்ச் சேரும் இடம் எண்ணெய்ச் சுரப்பி. ஒவ்வொரு மயிர்க்காலுடனும் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்தச் சிறு பைகள் முகத்திலும் மார்பிலும் மேல் முதுகிலும் பெரிதாகவும் நெருக்கமாகவும் இருக்கின்றன. ஆண்மை ஹார்மோன்தான் இவற்றின் எஜமானன். சிறுவர்களுக்குப் பரு வராமல், மீசை முளைக்கும் வயதில் வருவது இதனால்தான். டெஸ்டோஸ்டிரோன் தோலிலேயே டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற இன்னும் வீரியமான ஹார்மோனாக மாறி, எண்ணெய் சுரக்கச் சொல்லிக் கட்டளையிடுகிறது.

அளவுக்கு மீறிய மருந்து உள்ளே வந்ததும் சுரப்பிகள் பருத்து எண்ணெயைக் கொட்டுகின்றன. மயிர்க்காலின் வாயில் தோல் செல்கள் உதிராமல் தடித்து அடைத்துக்கொள்கின்றன. காற்றுப் புகாத அந்த எண்ணெய்க் குழி, தோலில் சாதாரணமாக வாழும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னீஸ் என்ற கிருமிக்குச் சொந்த வீடு மாதிரி. அது பெருகுகிறது. உடலின் பாதுகாப்புப் படை பாய்ந்து வருகிறது. குழியின் சுவர் உடைந்தால் சண்டை தோலின் ஆழத்துக்குப் பரவும். பக்கத்துப் பக்கத்துக் கட்டிகள் அடியில் சுரங்கம் தோண்டி இணைந்துவிடும். பின்னால் எவ்வளவு நல்ல சிகிச்சை கொடுத்தாலும் தழும்பு நிற்கும். மார்பும் தோளும் தழும்பு புடைத்து வளர்வதற்குப் பேர்போன இடங்கள்.

திருவனந்தபுரத்தின் தட்பவெப்பமும் பழக்க வழக்கமும் எரியும் நெருப்பில் எண்ணெய் வார்க்கின்றன. ஆண்டில் பெரும்பாலான நாட்கள் புழுக்கம். உடம்போடு ஒட்டும் நைலான் பனியனில் ஒன்றரை மணி நேர வியர்வை. பெஞ்சில் மல்லாந்து படுத்துப் பளு தூக்கும்போது முதுகு உராய்கிறது. வீட்டுக்கு வந்ததும் தலையிலிருந்து கால்வரை தேங்காய் எண்ணெய். சாதாரணத் தோலுக்கு இதமான அந்த எண்ணெய், பரு நிறைந்த முதுகில் மயிர்க்கால்களை மேலும் அடைக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஜிம்முக்குப் போகிறவருக்குப் பரு வந்தாலே ஊசி என்று முடிவு கட்டுவது அநியாயம். பதின்வயதில் பரு இயல்பு. வியர்வையும் உராய்வுமே சிலருக்குப் போதும். பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன் மாவு சிலருக்குப் பருவைக் கூட்டுவதாகவும் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். சந்தேகம் வர வேண்டிய இடம் வேறு. பரு வரும் வயதைத் தாண்டிய ஆணுக்கு, முகத்தைவிட முதுகிலும் மார்பிலும் தோளிலும், சில வாரங்களுக்குள் திடீரென்று வெடித்துக் கிளம்புவது, அதே காலத்தில் எடையும் தசையும் மளமளவென்று ஏறியிருப்பது, அக்குள் பக்கம் தோல் கிழிந்தது போன்ற கோடுகள், முன் தலையில் முடி உதிர்வு, மார்க்காம்பின் அடியில் வலியுள்ள கட்டி, காரணமில்லாத கோபம். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தால் பருவைத் தாண்டி விசாரிக்க வேண்டும்.

காய்ச்சலோடு வரும் பரு

பெரும்பாலோருக்கு விஷயம் கட்டிகளோடும் தழும்போடும் நிற்கிறது. அபூர்வமாகச் சிலருக்கு அது உயிரை உலுக்கும் நோயாகிறது. 'ஆக்னி ஃபல்மினன்ஸ்' என்று மருத்துவம் அதை அழைக்கிறது. இடி விழுந்தது போல் வருவதால் இந்தப் பெயர். கட்டிகள் ஒரே வாரத்தில் அழுகிப் புண்ணாகி, ரத்தப் பொருக்குத் தட்டும். கடும் காய்ச்சல், மூட்டு வலி, எடைக் குறைவு. சிலருக்கு மார்பெலும்பு, தோளெலும்பு போன்ற இடங்களில் எலும்பே பாதிக்கப்படும். நடக்க முடியாமல் குனிந்தபடி ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். பாதிக்கப்படுபவர்கள் பெரும்பாலும் பதின்வயது, இருபதின் தொடக்கத்தில் உள்ள ஆண்கள்.

இதற்கு ஜிம்மில் போடும் ஊசிதான் வேண்டும் என்பதில்லை. ஐரோப்பாவில் ஒரு காலத்தில், அளவுக்கு மீறி உயரமாகிவிடுவார்கள் என்று பயந்த பையன்களுக்கு வளர்ச்சியை நிறுத்த டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடும் வழக்கம் இருந்தது. மருத்துவர்களே கணக்குப் பார்த்துப் போட்ட அந்த ஊசிக்குப் பிறகும் சில பையன்களுக்கு ஆக்னி ஃபல்மினன்ஸ் வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. டாக்டர் போட்ட ஊசிக்கே இந்தக் கதி என்றால், ஜிம் லாக்கரில் எடுத்து வைத்த ஊசியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சிகிச்சையில் ஒரு விநோதம் உண்டு. ஸ்டீராய்டால் வந்த இந்த நோய்க்கு முதல் மருந்தும் ஸ்டீராய்ட்தான். அந்த மற்ற வகை. பிரெட்னிசலோன் கொடுத்து முதலில் கொந்தளிப்பை அடக்குகிறார்கள். பிறகுதான் ஐசோட்ரெட்டினாயினைச் சிறு அளவில் தொடங்கி, மெல்ல ஏற்றுகிறார்கள். எண்ணெய்ச் சுரப்பியையே சுருங்க வைக்கும் இந்த மருந்து 1982-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கடுமையான பருவுக்கு இதற்கு நிகரில்லை. ஆனால் எடுத்த எடுப்பிலேயே முழு அளவில் கொடுத்தால் ஃபல்மினன்ஸைக் கிளப்பிவிடும் ஆபத்தும் இதற்கு உண்டு. சிகிச்சையின் வரிசை தவறினால் மருந்தே வினையாகும்.

வரிசை தவறாமலிருக்க டாக்டருக்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டும். ஊசியை நிறுத்தாமல் பருவுக்கு மட்டும் மாத்திரை விழுங்கும் இளைஞர் தன் கல்லீரலுக்கு இரட்டைச் சுமை ஏற்றுகிறார். வாய்வழி எடுக்கும் அனபாலிக் மாத்திரைகள் பலவும் கல்லீரலைத் தாக்குபவை. நல்ல கொழுப்பைக் குறைப்பவை. ஐசோட்ரெட்டினாயினும் கல்லீரல் என்சைம்களையும் ரத்தக் கொழுப்பையும் ஏற்றக்கூடியது. இரண்டும் சேர்ந்தால், பரிசோதனை முடிவில் எது எதன் வேலை என்று சொல்ல முடியாது.

டப்பாவுக்குள் என்ன?

இந்த மருந்துகள் எங்கிருந்து வருகின்றன? இந்தியாவில் அனபாலிக் ஸ்டீராய்ட்கள் அட்டவணை 'எச்' மருந்துகள். பதிவு பெற்ற டாக்டரின் சீட்டில்லாமல் விற்கக்கூடாது. அமெரிக்கா 1990-ல் சட்டம் இயற்றி இவற்றைக் கட்டுப்படுத்தப்பட்ட போதைப் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் அப்படி இல்லை. சீட்டில்லாமல் விற்பது குற்றம்தான். ஆனால் சீட்டுக் கேட்காத கடைகள் எந்த ஊரில் இல்லை?

கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஜிம்களுக்குள்ளேயே புகுந்து சோதனை நடத்தியிருக்கிறது. 2025-ன் தொடக்கத்தில் வெளியான செய்திகளின்படி, பல மாவட்டங்களின் ஜிம்களில் உரிமமில்லாமல் வைத்திருந்த மருந்துகள் பிடிபட்டு வழக்குகள் பதிவாயின. மருந்துக் கடையைச் சோதிப்பது வழக்கம். பளு தூக்கும் கூடத்தை மருந்து ஆய்வாளர் சோதிக்க வேண்டி வந்ததே நிலைமையைச் சொல்லிவிடுகிறது.

எடுத்துக்கொள்பவருக்கே தான் எடுப்பது என்னவென்று தெரியாமல் போவதும் உண்டு. 2010-ல் டெல்லி காமன்வெல்த் போட்டியிலும், குவாங்சோ ஆசியப் போட்டியிலும் இந்தியப் பெண்கள் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்றபோது நாடே கொண்டாடியது. அடுத்த ஆண்டே அந்த நால்வரில் மூவர் உட்பட ஆறு ஓட்ட வீராங்கனைகள் ஊக்க மருந்துச் சோதனையில் சிக்கினார்கள். அவர்களில் சினி ஜோஸும் டியானா மேரி தாமஸும் கேரளத்தைச் சேர்ந்தவர்கள். பிடிபட்ட மருந்து மெத்தாண்டியனோன், அதாவது அந்தப் பழைய டயனபால். சீனாவில் வாங்கிய ஜின்செங் சத்து மாத்திரையில் கலந்திருக்க வேண்டும், தங்களுக்குத் தெரியாது என்பது வீராங்கனைகளின் வாதம். உக்ரைனியப் பயிற்சியாளர் யூரி ஒகரோட்னிக் நீக்கப்பட்டார். ஓராண்டுத் தடையை 2012-ல் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் இரண்டாண்டாக்கியது. அரசின் செலவில், பயிற்சியாளர், டாக்டர் சூழ வாழ்ந்தவர்களுக்கே டப்பாவில் இருந்தது தெரியவில்லை என்றால், ஊர் ஜிம்மில் மாதக் கட்டணம் கட்டும் கல்லூரி மாணவனுக்கு என்ன தெரியும்?

தேசிய ஊக்க மருந்து எதிர்ப்பு முகமை 2024-ல் எடுத்த 7,113 மாதிரிகளில் 260 தவறு காட்டின. நூற்றுக்கு 3.6. அதிக அளவில் சோதனை நடத்தும் நாடுகளில் இதுதான் மிக மோசமான விகிதம். அதுவும் களத்தில் இறங்குபவர்களின் கணக்கு மட்டுமே. பதக்கமும் வேண்டாம், போட்டியும் வேண்டாம், கண்ணாடியில் பார்த்துக்கொண்டால் போதும் என்று ஊசி போடுபவர் அந்த முகமையின் வரம்புக்கு வெளியே இருக்கிறார். அவரைச் சோதிக்க யாரும் வரப்போவதில்லை. அவருடைய தோல்தான் அவருக்குச் சோதனைக் கூடம்.

பெண்களுக்கு விலை இன்னும் அதிகம். பழைய கிழக்கு ஜெர்மனியில் அரசே ரகசியத் திட்டம் போட்டு, பதின்வயதுப் பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கான விளையாட்டு வீரர்களுக்கு ஓரல் டூரினபால் என்ற நீல மாத்திரையைக் கொடுத்தது. வைட்டமின் என்று சொல்லிக் கொடுத்தார்கள். பரு வந்தது, குரல் கட்டைத்தது, உடலில் ரோமம் வளர்ந்தது. பரு மறையலாம். கட்டைத்த குரல் பழையபடி திரும்புவதில்லை. 2000-ல் பெர்லின் நீதிமன்றம் விளையாட்டுத் துறைத் தலைவராக இருந்த மான்ஃபிரெட் ஏவால்டையும் மருத்துவர் மான்ஃபிரெட் ஹெப்னரையும் குற்றவாளிகள் என்றது.

தோலுக்கு அடியில்

பருவை யாரும் எளிதில் மறைக்க முடியாது. மற்றவை வெளியே தெரிவதில்லை. வெளியிலிருந்து ஹார்மோன் கொட்டுவதைப் பார்த்த மூளை, விரைகளுக்குத் தரும் உத்தரவை நிறுத்திவிடுகிறது. வேலையில்லாத விரைகள் சுருங்குகின்றன. விந்தணு குறைகிறது, சிலருக்கு அறவே இல்லாமல் போகிறது. ஊசியை நிறுத்திய பிறகு பழைய நிலை திரும்பப் பல மாதம் ஆகலாம், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அந்த இடைவெளியில் சோர்வு, மனத் தளர்ச்சி, ஆசைக் குறைவு. அதைத் தாங்க முடியாமல் மறுபடி ஊசிக்கே திரும்புகிறவர்கள் பலர். ஆண்மையைக் கூட்ட எடுத்த மருந்து, பிள்ளையில்லாத தம்பதியாக அவரை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார வைக்கக்கூடும் என்பதைக் கொடுத்தவர் சொல்லியிருக்க மாட்டார்.

இதயம் இன்னும் மௌனமான உறுப்பு. ரத்தம் தடிக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, இதயத்தின் சுவர் தடித்துப் பம்ப் செய்யும் திறன் குறைகிறது. டென்மார்க்கில் ஜிம்களிலேயே ஊக்க மருந்துச் சோதனை நடத்தும் ஏற்பாடு உண்டு. அப்படிப் பிடிபட்ட 1,189 ஆண்களைச் சராசரியாகப் பதினோரு ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு 2024-ல் வெளியானது. அதே வயதுள்ள பொதுமக்களோடு ஒப்பிட்டால், இவர்கள் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. இவர்கள் நோயாளிகளாக வந்தவர்கள் அல்ல. ஆரோக்கியத்தின் உருவமாகத் தெரிந்தவர்கள்.

ஊசியைப் பகிர்ந்துகொண்டால் மஞ்சள் காமாலை வைரஸ்களும் எச்.ஐ.வி.யும் வரலாம். போலி மருந்தாக இருந்தால் ஊசி குத்திய இடமே சீழ் பிடிக்கும். இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது முதுகுப் பரு ஒரு விதத்தில் அதிர்ஷ்டம். கல்லீரலும் இதயமும் சொல்லப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்வதைத் தோல் சில வாரங்களில் சொல்லிவிடுகிறது.

கேட்கப்படாத கேள்வி

சொல்வதைக் கேட்க ஆள் வேண்டுமே. திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 1951-ல் தொடங்கியது. குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது 1956-ல். எல்லைக் கோடு மாறியதே தவிர மார்த்தாண்டத்திலிருந்தும் களியக்காவிளையிலிருந்தும் நோயாளிகள் வடக்கே பஸ் ஏறும் வழக்கம் மாறவில்லை. எந்தப் பெரிய அரசு ஆஸ்பத்திரியிலும் போலவே புற நோயாளிப் பிரிவில் கூட்டம். ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடம். பரு என்றால் களிம்பு, மாத்திரை, "அடுத்தவர்".

அந்தச் சில நிமிடத்தில் இளைஞர் தானாக உண்மையைச் சொல்வதில்லை. பக்கத்தில் அம்மா நிற்கிறார். சொன்னால் போலீஸ் வருமோ என்ற பயம். சொன்னால் ஊசியை நிறுத்தச் சொல்வார்களே என்ற இன்னும் பெரிய பயம். தனக்கு மருந்து கொடுத்த பயிற்சியாளரைக் காட்டிக்கொடுக்கவும் மனம் வராது. அவர் அண்ணன் மாதிரி. அதனால் அவர் டாக்டரிடம் போவதற்கு முன்பே கடையில் கேட்டு ஒரு களிம்பு தடவியிருப்பார். அதில் பல நேரம் இருப்பது கார்ட்டிகோஸ்டீராய்ட். 2018-ல் மத்திய அரசு பதினான்கு ஸ்டீராய்ட் களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலுக்கு மாற்றியது. ஆனாலும் சிவப்பழகுக்கும் படர்தாமரைக்கும் பருவுக்கும் ஒரே டியூப் என்ற பழக்கம் போகவில்லை. முதல் சில நாள் சிவப்புத் தணியும். பிறகு தோல் மெலிந்து, பரு இரட்டிப்பாகும். ஒரு ஸ்டீராய்ட் கொண்டுவந்ததை இன்னொரு ஸ்டீராய்ட் மூடி மறைக்கப் பார்த்து, இரண்டும் சேர்ந்து கெடுக்கும்.

இந்த முடிச்சை அவிழ்ப்பது பெரிய கருவி எதுவும் அல்ல. ஒரு கேள்விதான். உடன் வந்தவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, குற்றம் சாட்டாத குரலில் "ஜிம்முக்குப் போறீங்களா தம்பி, அங்கே ஊசி, மாத்திரை, பவுடர் ஏதாவது தந்தாங்களா? பேர் தெரியலேன்னா பாட்டிலைக் கொண்டு வந்து காட்டுங்க" என்று கேட்பது. டாக்டரிடம் சொல்வது வெளியே போகாது என்று அவருக்கு உறுதி சொல்ல வேண்டும். ஊசி போட்டுக்கொண்டதற்காக அவரைப் போலீஸ் தேடாது என்பதையும் சொல்லலாம்; சட்டம் குறிவைப்பது உரிமமும் சீட்டும் இல்லாமல் விற்பவரை.

உண்மை வெளிவந்தால் சிகிச்சை எளிதாகிறது. முதல் வேலை மருந்தை நிறுத்துவது. நீண்ட நாள் எடுத்தவர் தானாக நிறுத்திவிட்டு உட்காராமல் ஹார்மோன் நிபுணரின் மேற்பார்வையில் நிறுத்துவது நல்லது. தளர்ச்சி வரும் மாதங்களில் அவர் துணை தேவைப்படும். ரத்த அழுத்தம், கல்லீரல் சோதனை, ரத்தக் கொழுப்பு, ரத்த அணுக்களின் எண்ணிக்கை, தேவையானால் இதயத்துக்கு எக்கோ, ஹார்மோன் அளவுகள். பருவுக்கு நிலைமைக்கேற்ப களிம்பு, ஆன்டிபயாடிக், ஐசோட்ரெட்டினாயின். டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக்கையும் ஐசோட்ரெட்டினாயினையும் ஒரே நேரத்தில் எடுக்கக்கூடாது; மண்டைக்குள் அழுத்தம் ஏறும். பெண்கள் ஐசோட்ரெட்டினாயின் எடுக்கும் காலத்தில் கர்ப்பம் தரிக்கவே கூடாது; குழந்தைக்கு ஊனம் உண்டாகும்.

வீட்டில் செய்யக் கூடியவையும் உண்டு. கட்டிகளைப் பிதுக்கக்கூடாது. பயிற்சி முடிந்ததும் குளித்து, தளர்வான பருத்திச் சட்டைக்கு மாற வேண்டும். முதுகில் எண்ணெய் வேண்டாம். காய்ச்சலோ மூட்டு வலியோ சேர்ந்தால், அல்லது கட்டிகள் புண்ணாகி ரத்தம் கசிந்தால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது: பையன் திடீரென்று வீட்டில் சட்டையைக் கழற்றாமல் இருக்கிறானா, தலையணை உறையில் ரத்தக் கறை தெரிகிறதா என்று கவனிப்பது. கவனித்ததும் கத்துவது அல்ல. டாக்டரிடம் கூட்டிப் போவது.

மருந்தை நிறுத்தி முறையாகச் சிகிச்சை எடுத்தால் சில மாதங்களில் புதுப் பரு நின்றுபோகும். தழும்பு இருக்கும். ஊசியால் ஏறிய தசையில் ஒரு பகுதி இறங்கும். அந்த இழப்பை ஏற்பதுதான் அவருக்கு மிகக் கடினமான பகுதி என்பதைச் சுற்றியிருப்பவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். சோறும் முட்டையும் மீனும் தூக்கமும் பயிற்சியும் கொடுக்கும் உடம்பு மெதுவாகத்தான் வரும். ஆனால் வந்தபின் கோயில் வாசலில் தயங்க வைக்காது.

பத்மநாபசுவாமி கோயில் வாசலில் சட்டையைக் கையில் மடித்துக்கொண்டு நுழைபவர்களில் பெரும்பாலோருக்கு ஆணழகன் உடம்பு கிடையாது. தொந்தி, ஒடுங்கிய தோள், நரைத்த மார்பு. யாரும் யாரையும் பார்ப்பதில்லை. பார்க்கிறார்கள் என்று நினைத்துத் தயங்கி வெளியே நிற்கும் இளைஞரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதை முதலில் கேட்பவர் டாக்டராக இருக்கலாம், அப்பாவாக இருக்கலாம், கூடப் பளு தூக்கும் நண்பனாகவும் இருக்கலாம். இதயம் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.